வழி விடுவது யார்?

அசோக் நகரின் உள்பகுதி எண்களால் ஆனது. அவென்யூக்களுக்கும் எண், அவற்றை வெட்டிப் போகும் தெருக்களுக்கும் எண். கோடு போட்டுப் பிரித்த குடியிருப்பு என்பதால் நாற்சந்திகளுக்குக் குறைவில்லை. நூறடி ரோட்டில் அசோக் பில்லர் அருகே சிக்னல் உண்டு. நெரிசல் நேரத்தில் போலீஸ்காரரும் நிற்பார். உள்ளே திரும்பிவிட்டால் பல முனைகளில் இரண்டும் கிடையாது. அப்படி ஒரு முனையைக் காலை எட்டரை மணிக்கு எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கமிருந்து பள்ளி வேன், இன்னொரு பக்கமிருந்து தண்ணீர் லாரி, மூன்றாம் பக்கமிருந்து ஆட்டோ, நான்காம் பக்கமிருந்து பின்சீட்டில் குழந்தையோடு ஒரு ஸ்கூட்டர். நான்கும் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. யார் முதலில் போவது? போக்குவரத்துப் பிரிவு பதில் சொல்லித் தீர்க்க வேண்டிய சின்ன விஷயம் போலத்தான் தோன்றும். ஆனால் இதே கேள்வியை ஆபஸ்தம்பர் எடுத்துப் பேசியிருக்கிறார். மகாபாரதம் கதையாகச் சொல்லியிருக்கிறது. புத்த ஜாதகம் ஒன்று இதை வைத்தே எழுந்திருக்கிறது. சேக்கிழாரும் வேறொரு கோணத்தில் தொட்டிருக்கிறார். இத்தனை பேர் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு எது உரியது என்ற கணக்கும், அடுத்தவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்ற கணக்கும் தள்ளிப்போட வழியில்லாமல் ஒரே நொடியில் முட்டிக்கொள்ளும் இடம் நாற்சந்தி.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1989-இல் வகுக்கப்பட்ட சாலை ஒழுங்குமுறைகள், சந்திப்பை நெருங்கும் ஓட்டுநருக்கு இரண்டு படிகளில் விடை சொல்லின. அவர் நுழையப்போவது பிரதான சாலை என்று குறிக்கப்பட்டதாக இருந்தால், அதில் வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும். மற்ற இடங்களில் தன் வலப்பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வழி விட வேண்டும். 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. இதை நம் முனையில் பொருத்திப் பார்க்கலாம். எது பிரதான சாலை? பலகை இல்லாத இடத்தில் அவரவர் வருகிற சாலைதான் அவரவருக்குப் பிரதானம். சரி, வலப்பக்க விதிக்கு வருவோம். இரண்டு வண்டி, மூன்று வண்டி என்றால் யாராவது ஒருவருக்கு வலப்பக்கம் காலியாக இருக்கும். அவர் முதலில் போகலாம். நான்கு திசையிலும் வண்டி வந்துவிட்டால்? தெற்கிலிருந்து வருபவருக்கு வலப்பக்கம் கிழக்கிலிருந்து வருபவர். அவருக்கு வலப்பக்கம் வடக்கிலிருந்து வருபவர். அவருக்கு மேற்கு, மேற்குக்குத் தெற்கு. நான்கு பேரும் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால் நான்கு பேரும் பொழுது சாயும் வரை நிற்க வேண்டியதுதான். நடைமுறையில் அப்படி யாரும் நிற்பதில்லை. ஒருவர் கையை அசைத்து, ‘நீங்க போங்க’ என்கிறார், முடிச்சு அவிழ்கிறது. அந்தக் கையசைவை எந்த ஒழுங்குமுறையும் கட்டளையிடவில்லை.

சட்டத்தின் வாசகத்திலேயே இன்னொரு குறிப்பும் இருக்கிறது. அந்த 1989 விதி, வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி சொந்தம் என்று சொல்லவில்லை; இடப்பக்கத்துக்காரர் வழி விட வேண்டும் என்றுதான் சொன்னது. பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிநூல் இதை இன்னும் பச்சையாகச் சொல்லிவிடுகிறது: இந்த விதிகள் எந்த நிலையிலும் உங்களுக்கு வழியுரிமை தருவதில்லை, நீங்கள் எப்போது வழி விட வேண்டும் என்று மட்டுமே சொல்கின்றன என்பது அதன் கருத்து. சென்னைத் தமிழுக்கு இது புதிதில்லை. ‘சைடு குடுப்பா’ என்றுதான் கேட்கிறோம். கேட்பவர் தன் சொத்தைத் திருப்பிக் கேட்பதுபோலக் கத்தினாலும், சொல் என்னவோ கொடுப்பதைப் பற்றியதாகவே இருக்கிறது. என் வாதம் இதிலிருந்து பிறக்கிறது. சாலையில் முன்னுரிமை என்பது ஒருவர் கையில் இருக்கும் உடைமை ஆகாது. அது இன்னொருவர் தீர்க்க வேண்டிய கடன். ஆகவே வழி யாருக்கு என்று கேட்பதைவிட வழி விட வேண்டியது யார் என்று கேட்பதே சரியான கேள்வி. முதல் கேள்வியைக் கேட்கிற மனம் பக்கத்து வண்டியைப் பார்க்கிறது. இரண்டாவதைக் கேட்கிற மனம் தன் பிரேக்கைப் பார்க்கிறது.

பழைய நூல்கள் இந்தக் கடனை யார் மீது சுமத்தின? ஆபஸ்தம்பரின் தர்மசூத்திரம் பாதை அரசனுடையது என்கிறது; ஆனால் எதிரே பிராமணன் வந்தால் பாதை அவனுடையது. பாரம் ஏற்றிய வண்டிக்கும், சுமை தூக்கி வருபவருக்கும், நோயாளிக்கும், பெண்ணுக்கும் எல்லாரும் வழி விட வேண்டும். மனுஸ்மிருதியின் பட்டியலில் வண்டியில் வருபவர், தொண்ணூறு வயதைத் தாண்டியவர், நோயாளி, சுமை சுமப்பவர், பெண், கல்வி முடித்துத் திரும்பும் மாணவர், அரசன், மணமகன் என்று பலர் வருகிறார்கள். இரண்டு பட்டியலிலும் இரண்டு வேறு தர்மங்கள் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனிக்க வேண்டும். சுமைகாரருக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் வழி விடச் சொல்வது தேவையின் அடிப்படையில். தலையில் மூட்டையோடு வருபவரால் சட்டென்று ஒதுங்க முடியாது. கை வீசி நடப்பவரால் முடியும். அரசனுக்கும் பிராமணனுக்கும் விடச் சொல்வது அந்தஸ்தின் அடிப்படையில். ஆபஸ்தம்பர் இந்த இரண்டாவதை ஒளிக்கவும் இல்லை. உயர்ந்த வர்ணத்தாருக்கு மற்றவர்கள் வழி விட வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடுகிறார்.

அந்த இரண்டாவது தர்மம் நம் மண்ணில் என்ன ஆயிற்று என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஒதுங்கி நில் என்பதிலிருந்து பாதையிலேயே வராதே என்பது வரை அது வளர்ந்தது. 1893-இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றது போராட்டமாக இருந்தது என்றால், அந்தச் சாலை எந்த அளவுக்குச் சிலரின் சொத்தாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1924-இல் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகச் சத்தியாகிரகம் நடந்தது. பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றார். முன்னுரிமையை ஒரு ஆளின் உடைமையாக வைத்தால் அது போய் நிற்கும் இடம் அதுதான். இந்த வரலாற்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் வலப்பக்க விதி எவ்வளவு பெரிய அறச் சாதனை என்பது புரியும். வருபவர் யார் என்று அது கேட்பதில்லை. எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று மட்டும் கேட்கிறது. இந்த முனையில் எனக்கு வலப்பக்கம் நிற்பவர், அடுத்த முனையில் எனக்கு இடப்பக்கம் ஆகிவிடுவார். கடன் பிறப்போடு ஒட்டிக்கொள்வதில்லை. முனைக்கு முனை கை மாறுகிறது. அந்தஸ்தைத் துடைத்துவிட்ட சட்டம் தேவையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி விடாதவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ வைத்திருக்கிறது. சிக்னல் இல்லாத நடைபாதைக் கடப்பில் நடப்பவருக்குத்தான் முதலிடம். ஆபஸ்தம்பரின் நோயாளியும் சுமைகாரரும் வேறு உருவில் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அரசன் மட்டும் இறங்கிப் போய்விட்டான். சைரனோடும் கொடியோடும் அவ்வப்போது அவன் திரும்பி வந்து பார்ப்பதும் உண்டு.

விதி நியாயமானது, ஆனாலும் விதியைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது தனிக் கேள்வி. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் ஒரு கதை வருகிறது. வேட்டையாடிக் களைத்து, பசியும் தாகமுமாக வந்த கல்மாஷபாத மன்னன் ஒரே ஆள் போகக்கூடிய பாதையில் வசிட்டரின் மூத்த மகன் சக்தியை எதிர்கொள்கிறான். விலகு என்கிறான் அரசன். அந்தணனுக்கு அரசன் வழி விடுவதே தர்மம், இது என் பாதை என்கிறார் சக்தி. அன்றைய நூல்படி அவர் சொன்னது சரி. இருவரும் விலகவில்லை. அரசன் சாட்டையால் அடித்தான். முனிவர் மனிதரைத் தின்னும் அரக்கனாகப் போ என்று சபித்தார். அரக்கனாக மாறியவன் முதலில் தின்றது சக்தியைத்தான். பிறகு அவர் தம்பிமார்களை. உரிமை தன் பக்கம் இருந்ததால் சக்திக்கு என்ன கிடைத்தது? வாதத்தில் வெற்றி கிடைத்தது. அதை அனுபவிக்க ஆள் இல்லை. எதிரே வருபவர் பசித்தவரா, தூக்கம் கெட்டவரா, குடித்தவரா என்று விதிநூலில் எழுதியிருக்காது. ஆபஸ்தம்பர் இதை அறிந்திருந்தார். மூடருக்கும் குடிகாரருக்கும் பித்தருக்கும்கூட வழி விட்டுவிடுங்கள், அது உங்கள் நன்மைக்காக என்று அவர் சேர்த்திருக்கும் வரி, மொத்தப் பட்டியலிலும் உலகம் தெரிந்தவர் எழுதிய வரி.

சண்டைக்குப் பதில் விவாதம் நடந்த கதை ராஜோவாத ஜாதகம். காசியரசன் பிரம்மதத்தனும் கோசல அரசன் மல்லிகனும் தங்கள் குறையைச் சொல்லக்கூடியவர் யாராவது உண்டா என்று தேடி மாறுவேடத்தில் நாடு சுற்றுகிறார்கள். பள்ளமான, குறுகிய பாதையில் இரண்டு தேரும் எதிரெதிரே நிற்கின்றன. தேரோட்டிகள் ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள்: வயது ஒன்றே, நாட்டின் பரப்பு ஒன்றே, படை, செல்வம், புகழ், குலம் எல்லாமே சமம். அந்தஸ்து என்ற தராசு இங்கே செத்துப்போகிறது. கடைசியில் குணத்தை ஒப்பிடுகிறார்கள். மல்லிகன் வன்மைக்கு வன்மையும் மென்மைக்கு மென்மையும் காட்டுபவன். நல்லவனுக்கு நல்லவன், கெட்டவனுக்குக் கெட்டவன். பிரம்மதத்தன் கோபத்தைப் பொறுமையாலும் தீமையை நன்மையாலும் வெல்பவன். இதைக் கேட்டதும் மல்லிகனும் அவன் தேரோட்டியும் இறங்கி, குதிரைகளை அவிழ்த்து, தேரை ஒதுக்கி வழி விடுகிறார்கள். கதை பிரம்மதத்தனைப் புகழ்வதற்காகச் சொல்லப்பட்டது. பிரம்மதத்தன் போதிசத்துவரே என்பது மரபு. ஆனால் சாலையை வைத்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. தீமையை நன்மையால் வெல்பவனின் தேர் அசையாமல் நின்றது. இறங்கித் தேரைத் தள்ளியவன் மற்றவன். அடிக்கு அடி என்று வாழ்ந்தவன், அந்த நிமிடத்தில் எதிராளியின் தர்மத்தைத் தன் கையால் செய்து காட்டிவிட்டான். குறையைச் சொல்ல ஆள் தேடி வந்த இரண்டு அரசர்களில் தேடியதைக் கண்டெடுத்தவன் அவன்தான்.

அப்படியென்றால் விதி தெளிவாக இல்லாத முனையில், யாரும் யாருடைய குணத்தையும் விசாரிக்க நேரமில்லாத இடத்தில், கடன் யார் மேல் விழும்? எவரால் அதிகக் கேடு விளைவிக்க முடியுமோ அவர் மேல் என்பது என் விடை. தமிழருக்கு இது சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் கதையிலேயே கிடைத்த விடை. திருவாரூர்த் தெருவில் இளவரசனின் தேர்க்காலுக்குள் துள்ளி வந்து விழுந்தது கன்று. இன்றைய விபத்து விசாரணை என்றால் குறுக்கே பாய்ந்தது கன்றுதான் என்று எழுதி மூடிவிடலாம். அமைச்சர்களும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லிப் பார்த்தார்கள், பரிகாரம் போதும் என்றார்கள். அரசன் கன்றை இழந்த தாய்ப்பசுவின் பக்கம் நின்றான். மகன் மேல் தேரை ஓட்டிய தண்டனையை இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறோம் என்றால், தேரில் இருப்பவனுக்கும் தெருவில் இருக்கும் கன்றுக்கும் பொறுப்பு சமமில்லை என்ற அந்த உணர்வுக்காகத்தான். பாதிக்கப்பட்டவர் ஓட்டுநரின் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு பெற மோட்டார் வாகனச் சட்டம் வழி வைத்திருப்பதும் அதே உணர்வின் தொடர்ச்சி. 2022 ஜனவரியில் பிரிட்டன் தன் நெறிநூலைத் திருத்தியபோது, அதிகத் தீங்கு செய்யக்கூடியவருக்கே அதிகப் பொறுப்பு என்பதை வெளிப்படையாகவே சேர்த்தது. திருப்புன்கூரில் நந்தனார் தரிசிப்பதற்காக நந்தி விலகிய கதையையும் இந்த வரிசையில் வைக்கலாம். சந்நிதிக்கு நேர் எதிரே உட்காரும் முன்னுரிமை நந்திக்கு உண்டு, கனமும் அதற்குத்தான். விலகியது அதுதான். நந்தி விலகிய பிறகும் நந்தனார் வாசலுக்கு வெளியேதான் நின்றார் என்பதை மறக்கக் கூடாது. ஒருவர் பெருந்தன்மையாக ஒதுங்குவது, எல்லாருக்கும் பொதுவான விதிக்கு ஈடாகாது. விதி இல்லாத இடத்தை நிரப்பவே அது வருகிறது. நம் முனையில், பலகையும் இல்லை, வலப்பக்க விதியும் வட்டமடிக்கிறது என்னும்போது, முதலில் நிற்க வேண்டியது தண்ணீர் லாரி. கடைசியாக நிற்க வேண்டியது ஸ்கூட்டர். இன்று நடப்பது இதன் தலைகீழ். கனத்தவர் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டு வருகிறார். நம் ஊரில் அதற்கு நீ போ என்று பொருள் இல்லை, நான் வருகிறேன் என்று பொருள்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது ஏமாளி வாதம். விட்டுக்கொடுப்பவர்கள் பெருகினால் ராங் சைடில் வருகிறவனுக்குக் கொண்டாட்டம். நல்லவர்களின் பொறுமைதான் அவனை வளர்க்கிறது என்பார்கள். பாதி உண்மை. கடன் வராமலே போனால் கடன்காரன் தைரியம் அடைவான் என்பது சரிதான். ஆனால் கடனை வசூலிக்க ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு: கேமரா, அபராதச் சீட்டு, நீதிமன்றம். அவை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கேட்காமல் இருப்பதுதான் ஏமாளித்தனம். வசூலிக்கும் அதிகாரம் வண்டியின் பம்பருக்கு இல்லை. வழி விடுவதும் தவறை ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல. குடிகாரருக்கு ஒதுங்கச் சொன்ன ஆபஸ்தம்பர் குடியை ஆதரிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான மறுப்பு ஒன்றும் உண்டு. எல்லாரும் ‘நீங்க போங்க’ என்றால் யாரும் போக முடியாது. லக்னோ நவாபுகள் ‘முதலில் நீங்கள்’ என்று சொல்லிச் சொல்லியே ரயிலை விட்ட கதைதான் மிஞ்சும். பின்னால் வருகிற பைக்காரருக்கு முன்னால் இருப்பவரின் மரியாதை தெரியாது. திடீரென்று நிற்கும் கார் அவருக்கு ஆபத்து. மிக நியாயமான மறுப்பு. இதனால்தான் கருணையை விதிக்கு முன்னால் வைக்கக் கூடாது என்கிறேன். தெளிவான விதி இருக்கும் இடத்தில் அதன்படி போவதே மரியாதை, ஏனென்றால் அடுத்தவர் என்னை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் விட்ட வழியில் தயங்காமல் போவதும் ஒரு கடமை. வட்டச் சந்திப்புகளின் வரலாறு இதற்கு நல்ல சான்று. பிரிட்டனில் நுழைபவருக்கா, சுற்றிக்கொண்டிருப்பவருக்கா முதலிடம் என்பது தெளிவில்லாத காலத்தில், உள்ளே திணித்துக்கொண்டு நுழையும் வண்டிகளால் வட்டம் தானே பூட்டிக்கொள்ளும். 1966-இல் நுழைபவர் நின்று, உள்ளே இருப்பவருக்கு வழி விட வேண்டும் என்று விதித்தார்கள். சாலை அகலமாகவில்லை, வண்டி குறையவில்லை. காத்திருக்க வேண்டியவர் யார் என்பது மட்டும் தெளிவானது. பூட்டு திறந்துகொண்டது. தன் முறை வரும்வரை வாசலில் நிற்கும் ஒருவரால்தான் உள்ளே இருப்பவர்கள் வெளியேற முடிகிறது. அவர்கள் வெளியேறினால்தான் அவருக்கும் இடம் பிறக்கிறது.

இன்னும் சிலர், விதியே வேண்டாம், கண்ணும் கையும் போதும், சென்னை அப்படித்தான் ஓடுகிறது என்பார்கள். துணைக்கு நெதர்லாந்தின் ஹான்ஸ் மாண்டர்மனை அழைப்பார்கள். டிராக்டன் நகரின் பெரிய சந்திப்பில் சிக்னலை எடுத்துவிட்டு, மனிதர்களை ஒருவரை ஒருவர் பார்க்க வைத்த பொறியாளர் அவர். ஆனால் அங்கே சிக்னலோடு வேகத்தையும் வடிவமைப்பால் குறைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவார்கள். மெதுவாக வருபவரின் கண்ணைத்தான் பார்க்க முடியும். கண் பார்வையால் பேசித் தீர்ப்பது ஏறக்குறைய சமமானவர்களுக்கு இடையே நடக்கும். லாரிக்கும் சைக்கிளுக்கும் இடையே நடப்பது பேச்சுவார்த்தை ஆகாது, பணிய வைத்தல். அந்தப் பேரத்தில் எப்போதும் விட்டுக்கொடுப்பவர் நடந்து போகிறவர்தான். பாலம் கட்டினால் கேள்வியே எழாது என்பவர்களுக்கும் இதே பதில். 2008-இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலம் நான்கு திசைப் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டிக்கொள்ளாமல் பிரித்துவிட்டது; ஆனால் வளைந்து இறங்கும் ஒவ்வொரு கிளையும் ஏதோ ஒரு சாலையோடு போய்ச் சேர வேண்டும். சேருமிடத்தில், முதலில் யார் என்ற கேள்வி புதிதாகக் காத்திருக்கிறது. கான்கிரீட் அந்தக் கேள்வியை நகர்த்தும், தீர்க்காது.

அசோக் பில்லரின் உச்சியில் இருக்கும் சிங்கங்கள் சாரநாத் தூணின் வடிவம். 1950-இல் குடியரசு தன் சின்னமாக எடுத்துக்கொண்ட அதே வடிவம். நான்கும் முதுகோடு முதுகு ஒட்டி, ஒவ்வொன்றும் தன் திசையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். கீழே நூறடி ரோட்டில் வந்து சேரும் நான்கு பக்கத்து வண்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன. சாரநாத்தில் உள்ள மூலச் சிற்பத்தில் சிங்கங்களின் காலடியில் வட்டப் பீடம் ஒன்று உண்டு. அதில் யானை, காளை, குதிரை, சிங்கம் என்று நான்கு விலங்குகள், நடுவே நடுவே சக்கரங்களோடு, ஒன்றின் பின் ஒன்றாகச் சுற்றி வருகின்றன. யானையின் எடை வேறு, குதிரையின் வேகம் வேறு. ஆனாலும் ஒன்று மற்றொன்றை முட்டாமல் வட்டம் ஓடுகிறது. மேலே இருப்பவை தம் இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன; கீழே இருப்பவை முன்னால் போவதற்கு இடம் விட்டு நடக்கின்றன. நடக்கும் வரிசையின் நடுவே சக்கரங்களைச் சிற்பி யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.